முகம் திருப்பிய படகுகள்

பொய் சொல்கிறவர்களை நான் ஓரளவு பொறுத்துக்கொள்வேன். உண்மையில் பாதியைச் சொல்லிவிட்டு மீதியை மென்று விழுங்குகிறவர்களைக் கண்டால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. முன்பெல்லாம் இப்படி இல்லை. கவரைப்பேட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் நிர்வாகப் பிரிவில் இருந்தபோது, அங்கே கூட்டித் துடைக்க வந்த ஓர் அக்காவோடு ஆறு வருஷம் பழகினேன். அவரிடமிருந்து தொற்றிக்கொண்டது இது. தொற்ற வேண்டிய நேரத்தில் தொற்றவில்லை, காலம் கடந்துதான் தொற்றியது. என் எரிச்சலில் முக்கால்வாசி அதனால்தான்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. கம்பெனியிலும் யாரும் அவரைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. "ஏய் ஹவுஸ்கீப்பிங்" என்பார்கள். நேற்று சேர்ந்த ட்ரெயினிகூட அப்படித்தான் கூப்பிடுவான். ஒரு தடவை "அக்கா" என்று சொன்னால் இவனுக்கு வாய் வெந்துவிடுமா என்று நினைத்துக்கொள்வேன். அவருக்கோ அதில் கோபமே கிடையாது. மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, "இன்னா சார்?" என்று வந்து நிற்பார். அவருடைய கோபமெல்லாம் வேறு விஷயத்துக்காகச் சேர்த்து வைத்தது.

பழவேற்காட்டுப் பக்கம், ஆறு ஏரியில் வந்து சேரும் கழிமுகத்தை ஒட்டிய குப்பத்திலிருந்து வருவார். பொன்னேரி வரை ஷேர் ஆட்டோ, அங்கிருந்து மின்சார ரயில். சேலைக்கு மேலே கான்ட்ராக்டர் கொடுத்த சாம்பல் நிறச் சட்டை போட்டிருப்பார். அதன் பொத்தான்களை எப்போதும் ஓர் ஓட்டை தள்ளித்தான் மாட்டியிருப்பார். சொன்னால், "கண்ணாடி பாக்க டைம் ஏது எம்மா, வண்டி பூடும்ல?" என்பார். ஆள் இல்லாத இடத்தில் நான் அவருக்கு 'எம்மா'. ஆள் இருந்தால் 'மேடம்'.

எங்கள் கம்பெனியில் ஒவ்வொரு கழிப்பறைக் கதவின் பின்னாலும் ஒரு சார்ட் தொங்கும். மணிக்கு ஒரு கட்டம். துடைத்தவர் அதில் கையெழுத்துப் போட வேண்டும். காலையிலேயே எல்லாக் கட்டத்திலும் கையெழுத்தை இழுத்துவிட்டுப் போவதுதான் அங்கே வழக்கம். அக்கா மட்டும் துடைத்துவிட்டு, துடைத்த கட்டத்தில் மட்டும் போடுவார். ஒரு நாள் மோட்டார் பழுதாகி இரண்டு மணி நேரம் தண்ணீர் வரவில்லை. அந்த இரண்டு கட்டத்திலும், "தொடக்கல. தண்ணி வரல" என்று கோணல்மாணலாக எழுதி வைத்தார். அன்றைக்கென்று பார்த்து வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து ஆடிட்டுக்கு ஆள் வந்திருந்தார். வடக்கத்திக்காரர். இதில் என்ன எழுதியிருக்கிறது என்று என்னைக் கேட்டார். நானும் சொல்லித் தொலைத்தேன்.

சாயங்காலம் மேனேஜர் அவரைக் கூப்பிட்டு நிற்க வைத்தார்.

"ஒரு கையெழுத்து போட்டா கை தேஞ்சிடுமா?"

"தேயாது சார். ஆனா அந்த ரெண்டு மணி நான் தொடக்கல."

"அப்ப காலியா விட்டுட்டுப் போக வேண்டியதுதானே?"

"காலியா வுட்டா, நான் ஒக்காந்து கத பேசிக்கினு இருந்தேன்னு ஆவும். தொடச்சேன்னு போட்டா பொய்யி. தொடக்கல, தண்ணி வரல. ரெண்டும் சேந்தாதான் சார் ஒரு பேச்சு."

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். அந்த வித்தை எனக்கு நன்றாகவே வரும்.

ரெண்டும் சேந்தாதான் ஒரு பேச்சு. இதை அவர் வாயிலிருந்து எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கவரைப்பேட்டை ஸ்டேஷன் வாசலில் மீன் கூடையோடு உட்காருவார். நானும் பையைத் தூக்கிக்கொண்டு போய் நிற்பேன். "இது காத்தால புட்ச்சது, வறுக்க எடு. இது நேத்துது, ஐசுல இருந்துச்சு, கொழம்புக்கு ஆவும்" என்று கேட்காமலேயே பிரித்துச் சொல்வார். பக்கத்துக் கூடைக்காரி தலையில் அடித்துக்கொள்வாள். ஒரு தடவை அவர் உறவில் ஒரு பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். பையன் எப்படி என்று இவரிடம் விசாரித்திருக்கிறார்கள். விசாரிக்க வேறு ஆளா கிடைக்கவில்லை? "குடி கெடையாது, தங்கமான புள்ள. ஆனா அம்மாகாரி நில்லுன்னா நிப்பான், ஒக்காருன்னா ஒக்காருவான். அதயும் தெரிஞ்சிக்கினு குடு" என்று சொல்லிவிட்டார். பையன் வீட்டில் பேச்சு நின்றது. பெண் வீட்டிலும் நின்றது. இரண்டு வீட்டுக் கல்யாணச் சாப்பாடும் போயிற்று என்று அவரே சொல்லிச் சிரித்தார்.

எனக்கு அவரைப் பிடிக்கும். ஆனால் பக்கத்தில் இருந்தாலே ஒரு பயமும் இருக்கும். எந்த நேரத்தில் எதன் மீதிப் பாதியை எடுத்து வெளியில் போடுவாரோ என்று.

இனி ஒரு படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் ரிசப்ஷனில் பெரிதாக ஒரு படம் மாட்டியிருந்தது. சென்னையில் பழைய சாமான் விற்கும் கடையில் மேனேஜர் தேடிப் பிடித்து வாங்கி வந்த அச்சுப்படம். பழுப்பேறிய காகிதத்தில் கறுப்புக் கோடுகள். நடுவில் ஆற்றங்கரையில் ஒரு கோட்டை. கோட்டையின் மேல் கொடி, முன்னால் ஆறு, தூரத்தில் பாய்மரக் கப்பல்கள். அடியில் எங்களுக்குப் புரியாத பாஷையில் ஒரு வரி. பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டை அது. இன்றைக்குப் போய்ப் பார்த்தால் முள்ளும் செங்கல்லும்தான் இருக்கும். வருகிறவர்களை எல்லாம் அந்தப் படத்தின் முன்னால் நிறுத்தி மேனேஜர் ஒரு பிரசங்கம் செய்வார். "அந்தக் காலத்துலயே இந்த ஏரியாவுல இன்டர்நேஷனல் டிரேடு நடந்திருக்கு சார்." ஆமாம், நடந்தது. துணியை ஏற்றினார்கள். ஆட்களையும் பிடித்து அடிமைகளாக ஏற்றினார்கள். அது பிரசங்கத்தில் வராது.

ஒரு நாள் அக்கா துடைத்துக்கொண்டிருக்கும்போது படம் ஒருபக்கம் சரிந்து கண்ணாடி விரிசல் விட்டுவிட்டது. நேரே என் மேஜைக்கு வந்தார்.

"எம்மா, கண்ணாடி வுட்டுகிச்சு. என் கை பட்டுதான். ஆனா ஆணி ஆடிக்கினு கீதுன்னு போன மாசமே உங்கைல சொன்னேன். மறந்துட்டியா?"

மறந்திருந்தேன். இரண்டையும் சேர்த்தே மெயிலில் எழுதும்படி பக்கத்திலேயே நின்றார். எழுதினேன். கண்ணாடி மாற்றுவதற்காகப் படத்தை இறக்கிச் சாப்பாட்டு அறை மேஜையில் வைத்தோம். அன்று மதியம் நாங்கள் இரண்டு பேரும் டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, கண்ணாடி இல்லாமல் அந்தப் படத்தை முதல் தடவையாகக் கிட்டத்தில் பார்த்தோம். நான் கோட்டையைப் பார்த்தேன். அவர் இடது பக்கக் கீழ் மூலையைப் பார்த்தார்.

அங்கே ஓலைக் குடிசைகள் நாலைந்து இருந்தன. குடிசைகளுக்கு முன்னால் மணலில் வரிசையாகப் படகுகள். வலது பக்கம், எதிர்க்கரையை ஒட்டி, இடுப்பளவு தண்ணீரில் ஆட்கள் நின்று கழிகளை ஊன்றி வலையை வளைத்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு ஆளும் எறும்பு அளவுதான். இத்தனை வருஷம் நான் அதைப் பார்த்ததே இல்லை.

"இன்னிக்கி அவங்க பாடு" என்றார் அக்கா.

"எவங்க?"

"எதிர்கர ஊரு. பாடுன்னா தண்ணிக்கு முற எம்மா. கழிமொகத்துல நாங்க இந்தாண்ட, அவங்க அந்தாண்ட. ஒரு நாள் எங்க பாடு, மறுநாள் அவங்க பாடு. ஒரே நாளு ரெண்டு ஊரும் எறங்குனா எறாவும் ஓடிடும், மண்டையும் ஒடையும்."

"படத்தப் பாத்தே அவங்க முறைன்னு எப்டிக்கா தெரியுது?"

அவர் சோற்றுக் கையை மடியில் துடைத்துவிட்டு, விரலைக் காகிதத்தில் படாமல் மேலே பிடித்துக் காட்டினார்.

"இந்தப் படகுங்கள பாரு. மொகம் எந்தப் பக்கம் கீது?"

பார்த்தேன். மணலில் கிடந்த படகுகள் எல்லாம் தண்ணீருக்கு முதுகைக் காட்டி, முனையைக் குடிசைப் பக்கம் வைத்துக்கொண்டு கிடந்தன.

"முற இல்லாத அன்னிக்கி படக ஏத்தி, மொகத்த ஊர் பக்கம் திருப்பி வெச்சிடணும். எதிர்கரையில இருந்து பாக்கறவனுக்கு முதுகு தெரியணும். தெரிஞ்சா, சரி, இன்னிக்கி நம்பளுதுன்னு அவன் எறங்குவான். வாயால ஒண்ணும் சொல்றதில்ல. இன்னிக்கும் அப்டிதான் வெக்கிறோம்." அவர் விரலைக் கோட்டைப் பக்கம் நகர்த்தினார். "பாரேன், வெள்ளைக்காரன் கோட்ட இடிஞ்சி பூட்ச்சி. இது மட்டும் அப்டியே கீது."

அதை வரைந்த வெள்ளைக்காரனுக்கு முறை என்ன, பாடு என்ன, ஒன்றும் தெரிந்திருக்காது. மூலை காலியாக இருக்கிறதே என்று கண்ணில் பட்டதை வரைந்திருப்பான். ஆனாலும் பட்டதை வரைந்தானே. பின்னால் நாங்கள் செய்ததைப் பார்த்தால் அவன் எவ்வளவோ தேவலை.

நாங்கள் செய்தது இது. துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் நிற்பதற்குக் கழிமுகத்தை ஒட்டி ஒரு யார்டு போட கம்பெனி முடிவெடுத்தது. யார்டுக்குப் போக ஆற்றின் குறுக்கே ஒரு மண் பாலம். பாலம் வந்தால் அக்காவின் ஊர் வலை வளைக்கும் தண்ணீர் மூடிப்போகும். ஆலோசனைக் கம்பெனி ஒன்று ஏ.சி. காரில் வந்து, ஒரு மத்தியானம் சுற்றிப் பார்த்துவிட்டு, தடிமனாக ஓர் அறிக்கை கொடுத்தது. "இப்பகுதியில் மரபான மீன்பிடிப் பயன்பாடு ஏதும் காணப்படவில்லை" என்று அதில் ஒரு வரி. காணப்படவில்லையாம். அவர்கள் வந்த அன்று அக்காவின் ஊருக்கு முறை இல்லை, படகுகள் கரையில் இருந்தன. எதிர்க்கரையில் வலை வளைத்தவர்களை அவர்கள் கணக்கில் சேர்க்கவில்லை. ஒரு ஆளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பான்.

எனக்கு இது புதிதும் இல்லை. என் அப்பா கூலிக்கு ஏர் ஓட்டிய நிலத்தின் மேல்தான் எங்கள் தொழிற்பேட்டையே நிற்கிறது. ஃபைலில் அதற்குத் தரிசு என்று பெயர். இதெல்லாம் தெரிந்தும் மாதம் பிறந்தால் சம்பளம் வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அனுமதிக்காக அரசாங்கம் நடத்தும் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு முன்னால் மேனேஜர் ஒரு கையேடு அச்சடிக்கச் சொன்னார். அட்டையில் அந்தக் கோட்டைப் படம், அதன் மேல் 'பாரம்பரியத்திலிருந்து வளர்ச்சிக்கு' என்ற வாசகம். வாசகத்துக்கு இடம் வேண்டும் என்று டிசைன் போட்ட பையன் இடது மூலையை அழித்துவிட்டான். குடிசையும் இல்லை, படகும் இல்லை. வெறும் மணல். எதிர்க்கரையில் வலை வளைத்த ஆட்களை மட்டும் அழகுக்கு விட்டுவைத்திருந்தான். ப்ரூஃப் எனக்குத்தான் வந்தது. பார்த்தேன். 'ஓகே' என்று அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் மனதில் உறைத்தது. திருப்பி அனுப்பச் சோம்பல், கேட்டால் மேனேஜர் கத்துவாரே என்ற பயம். இரண்டும் இருந்தன.

கட்டுக் கட்டாக வந்த கையேடுகளை ஸ்டோர் ரூமில் அடுக்கியது அக்காதான். ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தார்.

"எம்மா, இங்க இருந்த ஊடு எங்க?"

"டிசைனுக்காக எடுத்துருக்காங்கக்கா."

"ஊட்ட எடுத்தாங்க. படகையும் எடுத்தாங்க. ஆறு வருசமா தெனம் தொடைக்கிறேன், என் துணியில ஒரு ஆளு வந்ததில்ல. நீங்க எந்தத் துணியால தொடச்சீங்க?"

தண்ணீர் குடிக்கிற மாதிரி பாட்டிலை எடுத்தேன்.

"கூட்டத்துல நான் பேசப் போறேன்" என்றார்.

"வேண்டாங்க்கா. கான்ட்ராக்ட் வேல. மறுநாளே கேட்ல நிறுத்திடுவாங்க."

"நிறுத்துவாங்க. தெரியும். ஆனா தண்ணி பூட்ச்சின்னா எங்க ஊரே நிக்கணும்ல?"

கூட்டம் பொன்னேரிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மணமக்கள் உட்காரும் மேடையில் அதிகாரிகள் உட்கார்ந்தார்கள். பக்கத்தில் ஒரு ஸ்டாண்டில் எங்கள் கோட்டைப் படம், புதுக் கண்ணாடியோடு. மேனேஜர் ஏற்பாடு. கீழே முன்வரிசையில் ஒரு பக்கம் அக்காவின் ஊர் ஆட்கள், இன்னொரு பக்கம் எதிர்க்கரை ஊர்க்காரர்கள். அதிகாரியோடு வர வேண்டிய தமிழ் எழுத்தர் அன்று வரவில்லை. "உங்ககிட்ட நல்லா தமிழ் எழுதற ஆள் இருக்கா?" என்று அதிகாரி எங்கள் மேனேஜரைக் கேட்டார். மேனேஜர் என்னைக் காட்டினார். எங்கள் கம்பெனியை எதிர்த்து யார் என்ன பேசினாலும் அதை எழுதப் போகிறவள் எங்கள் கம்பெனியின் சம்பளக்காரி! அந்த மண்டபத்தில் இருந்த ஒருவருக்கும் இது உறுத்தவில்லை. எனக்கும்தான்.

அக்கா சாம்பல் சட்டை இல்லாமல் வந்திருந்தார். ஒரு கையில் மைக், ஒரு கையில் கையேடு. மேடை ஏறிப் படத்தின் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

"சார், இந்தப் பொஸ்தகத்துல அந்த எடம் சொம்மா கெடக்குதுன்னு போட்டுக்கீறாங்க. அவங்க வாங்கின படத்துலயே எங்க ஊரு கீது சார். இதோ. பொஸ்தகத்துல அத அழிச்சிக்கீறாங்க. இதோ." கையேட்டைப் படத்தோடு ஒட்டிப் பிடித்தார். பின்வரிசைக்காரர்கள் எழுந்து நின்று எட்டிப் பார்த்தார்கள். மண்டபம் முழுக்கச் சத்தம். எங்கள் மேனேஜரின் முகத்தில் ஈயாடவில்லை. உண்மையைச் சொல்கிறேன், அந்த ஒரு நிமிஷம் எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது. பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அதிகாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைக் குனிந்து பார்த்தார். கெட்டவர் மாதிரித் தெரியவில்லை. வலை வளைத்துக்கொண்டிருந்த ஆட்களைத் தொட்டுக் காட்டிக் கேட்டார்.

"இதோ மீன் பிடிச்சிக்கிட்டு இருக்காங்களே, இது உங்க ஊர் ஆளுங்களாம்மா?"

அந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் ஆமாம் என்று சொல்லியிருப்பார்கள். எறும்பு அளவு ஆளை எந்த ஊர் என்று எவன் வந்து சரிபார்க்கப் போகிறான்? ஒரு 'ஆமாம்' போதும், ஊர் தண்ணீர் தப்பித்திருக்கும்.

"இல்ல சார்" என்றார் அக்கா. "அது எதிர்கர ஊரு. அன்னிக்கி அவங்க முற."

முன்வரிசையில் அவருடைய தம்பி நெற்றியில் அடித்துக்கொண்டார். மேனேஜர் துள்ளி எழுந்தார். "நோட் பண்ணுங்க சார்! அவங்க வாயாலயே சொல்லிட்டாங்க!"

"இருங்க சார், நான் முடிக்கல. எங்க படகு இந்தாண்ட கரையில மொகத்த திருப்பிக்கினு கெடக்குது பாருங்க. எங்களுக்கு ஒரு நாளு இருந்ததுனாலதான சார் அவங்க நாள்ல ஒதுங்கிக் கெடக்குறோம்? தண்ணி எங்களுது இல்லன்னா எதுக்கு சார் ஒதுங்கணும்? ரெண்டும் சேந்தாதான்..."

எதிர்க்கரை ஊர்ப் பெரியவர் ஒருவர் எழுந்து, "ஆமா சார், அந்தம்மா சொல்றது கரெக்ட்டு. எங்களுக்கு ஒரு நாளு, அவங்களுக்கு ஒரு நாளு" என்று குரல் கொடுத்தார். அவரிடம் மைக் இல்லை. அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அக்காவின் தம்பி பிறகு என்னிடம் சொன்னார்: "கோவம் வந்துச்சிதான். ஆனா அவங்க ஊரு ஆளுங்க எதிர்ல ஒக்காந்துகினு இருக்கும்போது, அவங்க பாட எங்களுதுன்னு எந்த மூஞ்சிய வெச்சிக்கினு சொல்றது? நானா இருந்தாலும் அதான் சொல்லியிருப்பேன்." இப்படிப்பட்ட மனிதர்களிடம்தான், மரபு இருந்ததற்கு ஆதாரம் எங்கே என்று கேட்கிறது அரசாங்கக் காகிதம். தங்களுக்கு நஷ்டம் என்று தெரிந்தும் அடுத்தவன் நாளை அடுத்தவன் நாள் என்று சொல்கிறார்களே, இதைவிட வேறு என்ன ஆதாரம் வேண்டும்? நினைக்க நினைக்க வயிறு எரிகிறது.

நான் எழுதியதைச் சொல்கிறேன். என் நோட்டில் அவர் பேசியது முழுக்க இருந்தது. எனக்கு வேகமாக எழுத வரும். கூட்டம் முடியும் தருவாயில் அதை ஒழுங்குபடுத்தி நடவடிக்கைக் குறிப்பாக எழுத வேண்டும். மேனேஜர் பின்னால் வந்து நின்றுகொண்டு, "சுருக்கமா எழுதும்மா, பாயின்ட் மட்டும் போதும்" என்றார். எது பாயின்ட் என்பதையும் அவரே சொன்னார். நான் எழுதினேன்: 'படத்தில் மீன்பிடிப்பவர்கள் தமது ஊரைச் சேர்ந்தவர்கள் அல்லர் எனக் கருத்து தெரிவித்தவரே ஒப்புக்கொண்டார்.'

குறிப்பைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் வாசித்துக் காட்ட வேண்டும் என்று விதி. வாசிக்கச் சொன்னதும் என்னைத்தான். மைக்கில் அந்த வாக்கியத்தை வாசித்தேன். என் குரல் நன்றாகவே இருந்தது.

"மேடம்," அக்கா கூட்டத்தில் எழுந்து நின்றார். "நான் சொன்னது இன்னும் கீது. மீதிய படி."

மேனேஜரைப் பார்த்தேன். அவர் தலையை லேசாக இடமும் வலமும் ஆட்டினார். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நோட்டு என் மடியிலேயே இருந்தது. திறந்தால் இரண்டு வரி. நான் அடுத்தவர் பெயரை வாசித்தேன்.

மறுநாள் அவரைக் கேட்டில் நிறுத்தினார்கள். ஆளைக் குறைக்கிறோம் என்று கான்ட்ராக்டர் சொன்னாராம். குறைத்தது ஒரே ஒரு ஆளை. சில மாதங்களில் அனுமதி வந்தது. உத்தரவில் காரணங்களை அடுக்கும்போது என் வாக்கியம் அப்படியே, ஒரு புள்ளி மாறாமல் வந்திருந்தது. லாரி லாரியாக மண்ணைக் கொட்டினார்கள். அக்காவின் ஊர்ப் பக்கம் தண்ணீர் குட்டையாகிவிட்டது. எதிர்க்கரை ஊர் தன் நாள்களில் பாதியை இவர்களுக்குக் கொடுத்தது என்று கேள்விப்பட்டேன். யாரும் உத்தரவு போடவில்லை, குறிப்பு எழுதவில்லை, அவர்களே கூடிப் பேசி முடிவு செய்திருக்கிறார்கள். பாதி நாளை வைத்துக்கொண்டு இரண்டு ஊர் எப்படிச் சாப்பிடும் என்பது வேறு விஷயம். அக்காவின் தம்பி இப்போது கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்புக் கம்பெனியில் ஷிப்டுக்குப் போகிறார்.

நானும் அந்த வருஷமே வேறு கம்பெனிக்கு மாறினேன். நெஞ்சு பொறுக்காமல் ராஜினாமா செய்தேன் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். சம்பளம் கூடுதலாகக் கிடைத்தது, அதனால் போனேன். அந்த ஊரில் இருக்கவும் கூசியது.

அக்காவைக் கடைசியாகப் பார்த்தது கவரைப்பேட்டை ஸ்டேஷனில், ஒரு சாயங்காலம். கூடை காலி. நடைமேடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தப்பித்துப் போய்விடலாம் என்று கால் திரும்பியது. அதற்குள் பார்த்துவிட்டார்.

"வா எம்மா, ஒக்காரு. நல்லா கீறியா? பசங்க படிக்குதுங்களா?"

உட்கார்ந்தேன். பொன்னேரிப் பக்கம் போகும் வண்டி வர இன்னும் நேரம் இருந்தது. அவர் திட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். திட்டவில்லை. பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார், என் முதுகுவலியைப் பற்றிக் கேட்டார். பிறகு அதே குரலில், "ஏம்மா அன்னிக்கி மீதிய படிக்கல?" என்று கேட்டார்.

"மேனேஜர் பாத்துக்கினே இருந்தாருக்கா. வேணாம்னு தலையாட்டினாரு."

"அது அவரு செஞ்சது. நீ?"

"அதிகாரியும் டைம் ஆவுதுன்னு..."

"அது அவரு. மேனேஜரு எங்க தண்ணியில கால வெச்சதில்ல, அந்த அதிகாரியும் வெச்சதில்ல. அவங்களுக்குத் தெரியாது, வுட்டுட்டேன். உனக்கு நான் சோறு துன்னுகினே காட்டினேனே எம்மா."

வண்டி வருவதாக அறிவிப்பு வந்தது. அவர் எழுந்துகொள்ளவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும்க்கா" என்றேன். "நீ சொன்னது நோட்ல முழுசா எழுதி வெச்சிருந்தேன். தெரிஞ்சிக்கினுதான் படிக்கல. படிச்சா வேல பூடும்னு பயம்."

அக்கா கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"இத அன்னிக்கி அந்த மைக்ல சொல்லியிருந்தாகூட எங்களுக்குப் போதும்" என்றார்.